அணிவரிசைத் தாளில் தொடங்கும் அடிதடி

கேள்வி இது: ஐஸ் ஹாக்கியில் இரு அணி வீரர்களும் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டமாக மோதிக்கொள்ளும்போது, அதைத் தூண்டிவிட்ட பயிற்சியாளர்களையும் தண்டிக்க வேண்டுமா? தண்டித்தால் அது நியாயமாக இருக்குமா?

தண்டிக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் பலரும், பயிற்சியாளர்கள் இதுவரை தண்டிக்கப்பட்டதே இல்லை என்று எண்ணிக்கொண்டு எழுப்புகிறார்கள். அது சரியல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடப்படும் நேஷனல் ஹாக்கி லீக் பயிற்சியாளர்கள் மீது பல முறை நடவடிக்கை எடுத்திருக்கிறது. என் குறையெல்லாம், அந்த நடவடிக்கைகள் தூண்டுதலின் அளவைப் பார்த்து எடுக்கப்படாமல், லீக்குக்கு நேர்ந்த தலைகுனிவின் அளவைப் பார்த்தே எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான். இதை விளக்குவதற்கு முன் விதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஹாக்கி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும் ஆட்டத்தில் ஒரு வீரர் இன்னொருவரை முஷ்டியால் குத்தினால் வெளியேற்றப்படுவார், கதை அதோடு முடியும். தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் அப்படியில்லை. இருவர் சண்டையிட்டால் நடுவர்கள் சற்று ஒதுங்கி நின்று, ஒருவர் கீழே விழுந்ததும் பிரித்துவிட்டு, இருவரையும் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வைப்பார்கள். அதன்பின் அவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம். இவ்வளவு வேகமும் உடல் மோதலும் உள்ள விளையாட்டில் கோபம் மூளத்தான் செய்யும், கையில் உள்ள மட்டையால் அடித்துக்கொள்வதைவிட வெறுங்கையால் அடித்துக்கொண்டு ஆத்திரத்தை ஆற்றிக்கொள்வது மேல் என்பது இதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. எனினும் வாதத்துக்காக ஏற்றுக்கொண்டே மேலே செல்கிறேன், ஏனெனில் பயிற்சியாளரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் காரணமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. விதி இரக்கம் காட்டுவது கோபத்துக்கு. கோபப்படுவதற்கு நேரமே இருந்திராத ஒரு சண்டைக்கு அந்த இரக்கத்தைக் கோர முடியாது.

அப்படியொரு சண்டை 2014 ஜனவரி 18 அன்று வான்கூவரில் நடந்தது. வான்கூவர் கனக்ஸ் சொந்த அரங்கில் கால்கரி ஃப்ளேம்ஸ் அணியைச் சந்தித்தது. தொடக்கத்தில் களமிறங்கும் வீரர்களின் பெயர்ப் பட்டியலை வந்த அணி முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த அரங்கில் ஆடும் அணி அதைப் பார்த்துவிட்டுத் தன் பட்டியலைக் கொடுக்கலாம் என்பது லீக்கின் விதி. கால்கரியின் பயிற்சியாளர் பாப் ஹார்ட்லி கொடுத்த பட்டியலில் கெவின் வெஸ்ட்கார்த், பிரையன் மெக்ராட்டன் என்ற இரு பெயர்கள் இருந்தன. ஓர் அணியில் முன்கள வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளில் இருப்பார்கள். நான்காம் வரிசைக்கு ஆட்டத்தில் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த வரிசையில் ஓரிருவர், அந்தக் காலத்தில், கோல் அடிப்பதற்காக அல்லாமல் ஆள் அடிப்பதற்காகவே வைத்துக்கொள்ளப்பட்டிருந்தார்கள். நாம் அடியாள் என்று சொல்வோமே, அதேதான். அவர்களை இழிவுபடுத்தச் சொல்லவில்லை, அவர்கள் செய்த வேலைக்குத் தமிழில் அதுதான் பெயர். மெக்ராட்டனும் வெஸ்ட்கார்த்தும் அந்த வகை.

கனக்ஸ் பயிற்சியாளர் ஜான் டார்ட்டரெல்லா அந்தத் தாளைப் பார்த்ததும் அதன் பொருளைப் புரிந்துகொண்டார். தன் சிறந்த வீரர்களான செடின் சகோதரர்களை அந்த ஆட்களுக்கு எதிரே நிறுத்த முடியாது என்பது பிறகு அவர் சொன்ன விளக்கம். பதிலுக்கு டாம் செஸ்டிட்டோ போன்ற தன் முரட்டு வீரர்களை அவர் இறக்கினார். அவர்களில் ஒருவர் கெலன் லேன் என்ற இளைஞர். அன்றுதான் அவருக்கு இந்த லீக்கில் முதல் ஆட்டம். நடுவட்டத்தில் பக் எனும் ரப்பர் வட்டுக்காக வெஸ்ட்கார்த்தை எதிர்கொள்ள வேண்டிய லேனை விலக்கிவிட்டு, அனுபவமுள்ள தடுப்பாட்ட வீரர் கெவின் பீக்ஸா தானே அந்த இடத்தில் வந்து நின்றார். அதைப் பார்த்த அரங்கத்தில் ஒருவருக்கும் ஐயம் மீதமிருக்கவில்லை. நடுவர் பக்கைக் கீழே போட்டார். இரண்டு வினாடிகள் கழிந்திருந்தன. பத்து வீரர்கள் ஐந்து ஜோடிகளாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் வெளியேற்றப்பட்டார்கள், லேனும் அவர்களில் ஒருவர். தொழில்முறை வாழ்வின் உச்சிக்கு வந்து சேர்ந்த முதல் நாளில் அவர் ஆடிய ஆட்டம் இரண்டு வினாடி.

கதை அங்கே முடிந்திருந்தால் தண்டனை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஆனால் முதல் பகுதி முடிந்ததும் டார்ட்டரெல்லா கால்கரி அணியின் உடைமாற்றும் அறைக்குப் போகும் நடைக்கூடத்துக்குள் புகுந்து ஹார்ட்லியைத் தேடினார். தள்ளுமுள்ளு முழுதும் கேமராவில் பதிவாகி நாடெங்கும் ஒளிபரப்பானது. இரண்டு நாள் கழித்து லீக் தீர்ப்பளித்தது. டார்ட்டரெல்லாவுக்கு 15 நாள் ஊதியமில்லாத் தடை. அந்த நாட்களில் கனக்ஸ் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அவர் அணியோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹார்ட்லிக்கு 25,000 டாலர் அபராதம். தீர்ப்பை அறிவித்த லீக் அதிகாரி காலின் கேம்பெல், டார்ட்டரெல்லா உடைமாற்றும் அறைக்குள் நுழைய முயன்றது ஆபத்தானது, லீக்குக்கே அவமானம் என்று கூறினார். தொடக்கத்திலேயே தன் வீரர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு ஹார்ட்லி பொறுப்பாளி என்றும் கூறினார்.

இந்தத் தீர்ப்பைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அதன் விகிதம் அன்றும் இடித்தது, இன்றும் இடிக்கிறது. நடைக்கூடத்தில் யாருக்கும் காயம் இல்லை. டார்ட்டரெல்லா நிதானம் தவறியதில் மறுப்பில்லை, தண்டனை தேவைதான். ஆனால் நிதானமாக உட்கார்ந்து, யோசித்து, பேனாவை எடுத்து ஐந்து பெயர்களை எழுதியவர் செய்த செயலின் விலை 25,000 டாலரோடு முடிந்தது. ஆத்திரத்தில் வாசலுக்கு ஓடியவருக்கு இரண்டு வாரம் தொழிலே இல்லை. திட்டமிட்டவனைவிடத் தன்னை மறந்தவனைக் கடுமையாகத் தண்டிக்கும் நீதிமன்றத்தை நாம் எங்கும் ஏற்க மாட்டோம். அந்தச் சண்டைக்காக டார்ட்டரெல்லாவுக்கு என்ன தண்டனை என்று பார்த்தால், லீக்கின் விளக்கம் நடைக்கூடத்தைச் சுற்றியே இருந்ததால், அது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அவருக்கு அது ஒன்றுமில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் இதில் சுவையான செய்தி. 2011-12 பருவத்தில் அவர் நியூ யார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்தார். அண்டை அணியான நியூ ஜெர்சி டெவில்ஸின் அரங்குக்குச் சென்றபோது முரட்டு வீரர்களைத் தொடக்கத்தில் இறக்கிக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் அவரே. 2012 மார்ச் 19 அன்று டெவில்ஸ், ரேஞ்சர்ஸின் சொந்த அரங்கான மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வந்தபோது அதன் பயிற்சியாளர் பீட் டிபோயர் அதே மருந்தைத் திருப்பிக் கொடுத்தார். பக் விழுந்த கணத்திலேயே மூன்று சண்டைகள் ஒரே நேரத்தில் மூண்டன. ரேஞ்சர்ஸின் தடுப்பாட்ட வீரர் ஸ்டூ பிக்கெல் நடுவட்டத்தில் பக்குக்காக நிறுத்தப்பட்டிருந்தார். இரு பயிற்சியாளர்களும் பெஞ்சிலிருந்தபடி ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டார்கள். ஆட்டத்துக்குப் பின் டார்ட்டரெல்லா குறைபட்டுக்கொண்டபோது டிபோயர் சொன்ன பதிலின் சாரம், எங்கள் அரங்குக்கு வந்து நீங்கள் செய்ததை உங்கள் அரங்கில் நாங்கள் செய்யக் கூடாதா என்பது. கேள்வி நியாயமானது. ஒரே மனிதர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் தொடங்கியவராகவும், குறைசொன்னவராகவும், பதிலடி கொடுத்தவராகவும் இருந்திருக்கிறார். முதல் முறையே ஒரு வாரம் பெஞ்சுக்கு வெளியே அனுப்பப்பட்டிருந்தால் அடுத்த இரண்டும் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"டார்ட்டரெல்லா செடின் சகோதரர்களை இறக்கியிருக்கலாமே, அவர்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்களே, ஹார்ட்லியின் மிரட்டல் பிசுபிசுத்துப் போயிருக்குமே" என்று அன்று பலர் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது எளிது என்பது ஒருபுறம் இருக்கட்டும்; அதைப் பொய்யாக்கிய சம்பவம் அதற்கு நான்கு மாதம் முன்புதான் நடந்திருந்தது.

2013 செப்டம்பர் 22, டொராண்டோ. பஃபலோ சேபர்ஸ் அணியோடு ஒரு முன்பருவ ஆட்டம். புள்ளிக் கணக்கில் சேராத, பயிற்சிக்கென ஆடப்படும் ஆட்டம் அது. ஒரு சண்டையில் பஃபலோ வீரர் ஒருவர் அடிபட்டார். உடனே பஃபலோ பயிற்சியாளர் ரான் ரோல்ஸ்டன், லீக்கிலேயே மிகப் பெரிய உருவம் கொண்டவர்களில் ஒருவரான ஜான் ஸ்காட்டைக் களத்துக்கு அனுப்பினார். டொராண்டோ பயிற்சியாளர் ராண்டி கார்லைல் பதிலடி கொடுக்கவில்லை. பதற்றம் தணியட்டும் என்று தன் தலைசிறந்த கோல் வீரர் ஃபில் கெஸ்ஸலின் வரிசையை இறக்கினார். ஸ்காட் நேராகக் கெஸ்ஸலை நோக்கிப் போனார். கெஸ்ஸல் மட்டையைச் சுழற்றினார், பிறகு இரு அணியும் கலந்துவிட்டன. டொராண்டோ அப்போதுதான் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருந்த டேவிட் கிளார்க்சன், சக வீரரைக் காக்கப் பெஞ்சைத் தாண்டிக் குதித்தார். பெஞ்சைவிட்டுச் சண்டைக்கு வருகிற முதல் வீரருக்குப் பத்து ஆட்டத் தடை என்பது மாற்ற முடியாத விதி. புதிய அணிக்காகப் பருவத்தின் முதல் பத்து ஆட்டங்களையும் அவர் ஆட முடியவில்லை. ரோல்ஸ்டனுக்கு, வீரர் தேர்வுக்காகவும் அணியின் நடத்தைக்காகவும் என்று காரணம் சொல்லி லீக் ஓர் அபராதம் விதித்தது, தொகையை வெளியிடவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாகக் கருதுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, முதலில் முரடனை அனுப்பியவருக்கு எதிரே நிற்கும் பயிற்சியாளருக்குப் பாதுகாப்பான பதில் எதுவும் கிடையாது என்பதை அது காட்டிவிட்டது. முரடனுக்கு முரடனை அனுப்பினால் அடிதடி. நட்சத்திர வீரரை அனுப்பினால் அவரையே அடிக்கிறார்கள். ஆகவே தொடங்கியவரின் பொறுப்பு, பதில் தந்தவரின் பொறுப்பைவிட மிக அதிகம். இரண்டாவது, "வீரர் தேர்வுக்காக" என்ற அந்தச் சொற்றொடர். யாரைக் களத்துக்கு அனுப்புவது என்பது பயிற்சியாளரின் தனியுரிமை, அதில் லீக் தலையிட முடியாது என்று வாதிடுகிறவர்களுக்கு லீக்கே அன்று மறுப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, தண்டனையின் அளவுதான் கேலிக்குரியது. கிளார்க்சன் பத்து ஆட்டத்தை இழந்தார், ரோல்ஸ்டன் ஓர் ஆட்டத்தையும் இழக்கவில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். வலுவானது ஒன்றுதான்: நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? அந்த வரிசை நன்றாக ஆடிவந்ததால்தான் தொடக்கத்தில் இறக்கினேன் என்று ஹார்ட்லி சொன்னார். பயிற்சியாளர் பொய் சொல்கிறார் என்று லீக் எப்படிக் கண்டறியும்? வெறும் பெயர்ப் பட்டியலை வைத்துத் தண்டித்தால், நாளை ஒரு பயிற்சியாளர் உண்மையாகவே நான்காம் வரிசைக்கு மரியாதை செய்ய விரும்பி அவர்களை இறக்கினால் அவரும் மாட்டிக்கொள்வாரே?

இதற்கு என் பதில், நோக்கத்தைத் தேடி மனத்துக்குள் இறங்க வேண்டியதில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும் என்பது. நான்காம் வரிசையைத் தொடக்கத்தில் இறக்குவது குற்றமல்ல. அவர்கள் இறங்கி ஆடட்டும். ஆட்டத்தின் முதல் பக் விழுந்தவுடன், ஒரு மோதலும் ஒரு தவறும் நிகழாத நிலையில், ஒன்றுக்கு மேற்பட்ட சண்டைகள் ஒருசேர மூண்டால், அது ஆட்டத்தில் பிறந்த கோபமாக இருக்க வாய்ப்பே இல்லை. அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர் வீரரா பயிற்சியாளரா என்று பிரிப்பது கடினமாக இருக்கலாம், ஆனால் அந்த வீரர்களை ஒருசேர அந்த இடத்தில் நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே உண்டு.

இப்படிப் புறச் சூழலை வைத்துத் தானாகவே வந்து சேரும் தண்டனை இந்த லீக்குக்குப் புதிதுமல்ல. ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் சண்டையைத் தொடங்கிவைப்பதாக நடுவர் கருதும் வீரருக்கு ஓர் ஆட்டத் தடையும், அவருடைய பயிற்சியாளருக்கு 10,000 டாலர் அபராதமும் உண்டு. தோற்றுப்போன அணி, வெற்றி கைவிட்டுப் போன பின், அடுத்த சந்திப்புக்கு எச்சரிக்கை அனுப்புவதற்காகவே அடிதடியில் இறங்கும் வழக்கத்தை ஒழிக்க 2005-ல் அந்த விதி வந்தது. அதிலும் தடுமாற்றம் உண்டு. 2009 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் எவ்கெனி மால்கின் கடைசி நிமிடத்தில் சண்டையைத் தொடங்கியதாகத் தண்டிக்கப்பட்டார். அது எச்சரிக்கை அனுப்பும் சண்டையல்ல என்று சொல்லி லீக் அந்தத் தடையை ரத்து செய்தது. விதிக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து விலக்கு அளிக்க இடம் வேண்டும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இறுதித் தொடர் என்றால் விலக்கு எளிதாகக் கிடைக்கும் என்பதற்கும் கொள்ளலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

தானாக வரும் தண்டனை பலன் தருமா என்பதில் எனக்கு ஐயமில்லை. 1987 மே மாதத்தில் மான்ட்ரியாலில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஒரு பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன், இன்னும் ஆட்டமே தொடங்காத நேரத்தில், வெள்ளோட்டத்தின்போதே இரு அணியும் முழுதாக அடித்துக்கொண்டன. அதன்பின் பெஞ்சைவிட்டு இறங்குவதற்கான தண்டனையை லீக் கடுமையாக்கியது. அதற்கு முன் அடிக்கடி நடந்துகொண்டிருந்த, பெஞ்சே காலியாகிற அடிதடி இன்று ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. வீரர்களின் குணம் மாறிவிடவில்லை, விலை மாறியது.

நோக்கத்தை நிரூபிக்க முடியாத இடங்களும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. 2004 மார்ச் 8 அன்று, அதே வான்கூவரில், டாட் பெர்ட்டுஸி கொலராடோ வீரர் ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து பிடித்து, தலையில் குத்தி, முகம் பனியில் மோதச் சாய்த்தார். மூருக்குக் கழுத்தெலும்புகள் முறிந்தன. அவர் அதன்பின் ஒருநாளும் ஆடவில்லை. மூன்று வாரம் முன் மூர், கனக்ஸ் அணித்தலைவர் மார்க்கஸ் நாஸ்லண்டைத் தலையில் மோதிக் காயப்படுத்தியதற்கு அது பழி. அந்த இரவில் மூர் ஏற்கனவே மாட் குக்கோடு ஒரு சண்டையை ஏற்று முடித்திருந்தார், அதாவது ஹாக்கிக்காரர்களின் சொந்தக் கணக்குப்படியே கடன் தீர்ந்துவிட்டிருந்தது. பின்னர் மூர் தொடுத்த வழக்கில், இடைவேளையில் பயிற்சியாளர் மார்க் க்ராஃபர்ட் பலகையில் மூரின் பெயரைக் காட்டி, இவர் விலை கொடுக்க வேண்டும் என்று சொன்னதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பெர்ட்டுஸியே தன் பயிற்சியாளரை வழக்கில் இழுத்தார். க்ராஃபர்ட் தரப்போ, களத்தைவிட்டு வரச்சொன்னபோது பெர்ட்டுஸிதான் வரவில்லை என்றது. 2014-ல் வழக்கு சமரசத்தில் முடிந்ததால் எது உண்மை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. பெர்ட்டுஸி 20 ஆட்டங்களை இழந்தார், குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். கிளப்புக்கு 250,000 டாலர் அபராதம். க்ராஃபர்ட் மீது லீக் நடவடிக்கை ஏதும் எடுக்கவில்லை.

உடைமாற்றும் அறையில் சொல்லப்பட்ட ஒரு சொல்லை வைத்து, அதுவும் மறுக்கப்படும் சொல்லை வைத்து, ஒருவரைத் தண்டிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய அவசியமில்லாத ஒன்று இருந்தது: ஆட்டம் கைநழுவிப் போன பின்பும் (முடிவு 9-2) மூன்று வாரமாகப் பழிவாங்கல் பேச்சு ஊடகங்களில் ஓடிக்கொண்டிருந்த நிலையில், அந்த வீரர்கள் களத்தில் இருந்தார்கள் என்பது. பதற்றம் அறிவிக்கப்பட்ட ஆட்டங்களில் பயிற்சியாளர்கள் இருவரையும் முன்கூட்டியே அழைத்து, ஏதேனும் நடந்தால் விசாரணையில் முதல் நாற்காலி உங்களுக்குத்தான் என்று சொல்லிவைப்பது லீக்கின் கடமை. மூர் தாக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்புதான் ஃபிலடெல்ஃபியாவும் ஆட்டவாவும் ஒரே ஆட்டத்தில் 419 தண்டனை நிமிடங்கள் வாங்கிச் சாதனை படைத்திருந்தன. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஐஸ் ஹாக்கியின் சர்வதேச அமைப்பு இதை வேறு கண்ணோடு பார்த்திருக்கிறது. 1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி நகரில், உலக இளையோர் போட்டியில், கனடாவும் சோவியத் யூனியனும் முழு அணிகளாக மோதிக்கொண்டன. நடுவர்கள் செய்வதறியாமல் வெளியேறினார்கள். அமைப்பாளர்கள் அரங்கின் விளக்குகளையே அணைத்தார்கள். இருட்டிலும் அடி ஓயவில்லை. இரு நாடுகளும் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டன. முன்னிலையில் இருந்த கனடா உறுதியாகக் கையில் இருந்த பதக்கத்தை இழந்தது. வீரர்களுக்கு 18 மாதத் தடை, பின்னர் பெரும்பாலோருக்கு ஆறு மாதமாகக் குறைந்தது. கனடாவின் பெர்ட் டெம்பிள்டன் உள்ளிட்ட பயிற்சியாளர்களுக்கு மூன்று ஆண்டு. களத்தில் அடித்தவரைவிட அவரைக் காக்கும் பொறுப்பிலிருந்தவருக்கு இருமடங்கு! இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விஷயத்தில் இந்த விகிதம்தான் சரி என்று நினைக்கிறேன். (அன்று களத்தில் அடித்துக்கொண்ட கனடிய இளைஞர்களில் ஒருவரான பிரெண்டன் ஷனஹன்தான் பிற்காலத்தில் நேஷனல் ஹாக்கி லீக்கின் வீரர் பாதுகாப்புத் துறையின் தலைவரானார்.)

இளையோர் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது கியூபெக்கின் 2008-ஆம் ஆண்டுச் சம்பவத்தையும் விட முடியாது. கோல்காப்பாளர்களில் பெரும்புகழ் பெற்ற பாட்ரிக் ருவா அப்போது கியூபெக் ரம்பார் என்ற இளையோர் அணியின் பயிற்சியாளர். ஷிகூட்டிமியில் நடந்த ஆட்டத்தில் அடிதடி மூண்டபோது, அவர் அணியின் கோல்காப்பாளர் களத்தின் மறுமுனை வரை சறுக்கிச் சென்று, சண்டைக்கு விருப்பமே காட்டாத எதிரணிக் கோல்காப்பாளரை அடித்து வீழ்த்தினார். அடித்தவர் ஜொனாதன் ருவா, பயிற்சியாளரின் மகன். அதற்குச் சற்று முன் தந்தை எதிர்முனையை நோக்கிக் கை காட்டியது போல் காணொளியில் தெரிந்தது. தான் தூண்டவில்லை என்றார் அவர். மகனுக்கு ஏழு ஆட்டத் தடை, தந்தைக்கு ஐந்து. தாக்குதல் வழக்கில் நீதிமன்றத்தில் நின்றவர் மகன் மட்டுமே. அந்த ஐந்தைக் குறைவென்று நான் சொல்வேன், ஆனால் அந்தச் சிறிய லீக், பெரிய லீக் செய்யத் தயங்கியதைச் செய்தது: பயிற்சியாளரைப் பெஞ்சிலிருந்து அகற்றியது. பணத்தோடு நிறுத்தவில்லை, ஆட்டத்தையும் பறித்தது. அதே லீக் 2023-24 பருவத்திலிருந்து சண்டையிடும் வீரர்களை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறது.

பணமா ஆட்டமா என்பதில்தான் என் பரிந்துரையின் மையம் இருக்கிறது. வீரர்களின் அபராதத்துக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பயிற்சியாளர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை, அவர்கள் மீதான அபராதத்தை லீக் தன் விருப்பப்படி நிர்ணயிக்கலாம். இருந்தும் அந்தத் தொகைகள் அவர்களின் வருமானத்தில் உறைக்காத அளவிலேயே இருந்து வந்திருக்கின்றன. 2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவின் பீட்டர் லாவியொலெட், பிட்ஸ்பர்க்கோடு மூண்ட கைகலப்பின்போது பெஞ்சுகளுக்கு நடுவே ஏறி நின்று மட்டையை உடைத்ததற்கு 10,000 டாலர் கட்டினார். ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கு இது ஒரு நல்ல இரவு விருந்தின் செலவைவிடச் சற்றே அதிகம். அவர் அஞ்சுவது, பிளேஆஃப் இடத்துக்காக ஒவ்வொரு புள்ளியும் எண்ணப்படும் மார்ச் மாதத்தில் தன் அணியைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையைத்தான். ஆகவே, முதல் பக்கிலேயே பல சண்டைகள் மூண்டால், பட்டியலை முதலில் கொடுத்த பயிற்சியாளருக்கு மூன்று ஆட்டத் தடை, பதில் பட்டியல் கொடுத்தவருக்கு ஓர் ஆட்டத் தடை, இரண்டையும் விசாரணையில் மாற்ற இடம் என்று விதி எழுதுவேன். மறுமுறை நடந்தால் இரட்டிப்பு.

அப்படியானால் வீரருக்குப் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழி இந்த இடத்தில் எல்லோர் வாயிலும் வரும். ஆனால் இங்கே அம்புக்கும் கையும் மூளையும் உண்டு, எனவே அதன் தண்டனையை ரத்து செய்ய நான் கேட்கவில்லை. அம்பின் நிலையையும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நான்காம் வரிசை ஆட்டக்காரர் பெரும்பாலும் எந்த வாரத்திலும் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்படக்கூடிய ஒப்பந்தத்தில் இருப்பவர். முதல் ஆட்டம் ஆட வந்த இளைஞர், "நான் அடிக்க மாட்டேன்" என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு இரண்டாம் ஆட்டத்தை எதிர்பார்க்க முடியாது. இந்த வேலையின் விலை என்ன என்பதும் இப்போது தெரிந்ததே: 2011 மே மாதத்தில் இறந்த டெரெக் பூகார்ட், 28 வயது அடியாள், அவருடைய மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு நோயைக் கண்டார்கள்.

கடைசியாக, அண்மைச் சம்பவம் ஒன்றில் என் விதியை வைத்துப் பார்க்கிறேன், அது எங்கே சங்கடப்படுத்துகிறது என்று தெரிவதற்காக. 2024 ஏப்ரல் 3, மீண்டும் மாடிசன் ஸ்கொயர் கார்டன், மீண்டும் ரேஞ்சர்ஸும் டெவில்ஸும். ரேஞ்சர்ஸின் நெடிய இளைஞர் மாட் ரெம்ப்பி, மார்ச் மாதத்தில் டெவில்ஸ் வீரர் ஒருவரை முழங்கையால் தாக்கி நான்கு ஆட்டத் தடை பெற்றவர். அன்று டெவில்ஸின் கர்ட்டிஸ் மெக்டெர்மிட் சண்டைக்கு அழைத்தபோது அவர் இணங்கவில்லை. இப்போது டெவில்ஸின் இடைக்காலப் பயிற்சியாளர் டிராவிஸ் கிரீன் மெக்டெர்மிட்டைத் தொடக்கப் பட்டியலில் எழுதினார். ரேஞ்சர்ஸின் பயிற்சியாளராக இப்போது இருந்தவர் அதே லாவியொலெட். அவர் ரெம்ப்பியை எழுதினார். பக் விழுந்தது, பத்துப் பேரும் மோதினார்கள், பயிற்சியாளர்கள் பெஞ்சுகளிலிருந்து கத்திக்கொண்டார்கள்.

கிரீனுக்கு மூன்று, லாவியொலெட்டுக்கு ஒன்று என்பது என் விதியின் கணக்கு. கிரீன் தரப்பில் சொல்ல இருக்கிறது: ரெம்ப்பியின் முழங்கைக்கு நியாயம் கேட்க வேறு வழி என்ன? வழி ஏற்கனவே நடந்துவிட்டது, நான்கு ஆட்டத் தடை என்பதே அது. லாவியொலெட் தரப்பிலும் உண்டு: ரெம்ப்பியை அன்றிரவு எப்போது இறக்கினாலும் அது நடந்திருக்கும். இருக்கலாம், அப்போது இருவர் மோதியிருப்பார்கள், பத்துப் பேர் அல்ல. முதல் சண்டைக்குப் பின் மூளும் சண்டைகளில் இறங்குகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்பது விதி என்பதால், அன்று வெளியேறிய எட்டுப் பேரில் ரேஞ்சர்ஸ் அணித்தலைவர் ஜேகப் ட்ரூபாவும் இருந்தார். எந்த இருவருக்காக எல்லாம் ஏற்பாடாயிற்றோ அந்த ரெம்ப்பியும் மெக்டெர்மிட்டும் ஐந்து நிமிடத் தண்டனையோடு தப்பித்து ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். பட்டியலை எழுதிய இருவருக்கும் தடை எதுவும் விதிக்கப்படவில்லை. ரேஞ்சர்ஸ் 4-3 என வென்று முடிக்கும் வரை அவர்கள் தத்தம் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.